செல்வத்தில் எஞ்சுவது எது?



பிள்ளைகளுக்கு ஏதாவது சேர்த்து வைக்க வேண்டும் என்பது பெற்றோர் அனைவரதும் ஆவலாகும். காணி, வீடு, நகை, வங்கிக் கணக்கு என அப்பட்டியல் நீளும். அவ்வாறு சேர்க்கப்பட்ட பெருஞ்செல்வங்கள் பின்னர் என்னவாயின என்பதை அமெரிக்கச் செல்வந்தக் குடும்பங்களின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

கப்பல்களாலும் புகையிரதப் பாதைகளாலும் பொருளீட்டிய கொர்னேலியஸ் வண்டர்பில்ட், 1877 இல் இறந்தபோது ஏறத்தாழ 10 கோடி டொலரை விட்டுச் சென்றார். அவரது வழித்தோன்றல்கள் நியூயோர்க்கில் எழுப்பிய மாளிகைகள் 1920களில் இடிக்கப்படத் தொடங்கின. களஞ்சியங்களைப் பெரிதாக்க எண்ணிய செல்வனைப் பற்றி இயேசு கூறிய உவமை நம் நினைவுக்கு வருகின்றதல்லவா?

உருக்குத் தொழிலதிபர் அன்ட்ரூ கார்னேகி வேறு வழியில் சென்றார். 1901 இல் தமது நிறுவனத்தை 48 கோடி டொலருக்கு விற்று, செல்வத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து முடித்தார். அவரது நிதியில் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. ஆயினும், 1892 இல் அவரது ஹோம்ஸ்டெட் ஆலையில் ஊதியக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர் சிலர் மோதலில் உயிரிழந்ததை வரலாறு மறக்கவில்லை. கொடை பெரிது. எனினும் நீதிக்கு அது ஈடாகுமா?

இப்போது மூன்றாவது குடும்பத்தைப் பார்ப்போம். பிலடெல்பியாவின் பிரான்சிஸ் ட்ரெக்சல் பெரும் வங்கியாளர். அவரது மனைவி எம்மா, வாரத்தில் சில நாட்கள் வீட்டின் கதவைத் திறந்து வைத்து, தேடி வரும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வாடகைப் பணமும் கொடுத்தார். கதரின் உட்பட மூன்று புதல்வியரும் உடனிருந்து உதவினர். 1885 இல் தந்தை இறந்தபோது சொத்தின் பெறுமதி ஏறத்தாழ 1 கோடியே 55 இலட்சம் டொலர். அதில் பத்தில் ஒரு பங்கு அறநிலையங்களுக்குச் சென்றது. எஞ்சியதன் வருமானம் புதல்வியருக்கு உரித்தாயிற்று.

1887 இல் பாப்பரசர் 13 ஆம் சிங்கராயரைச் சந்தித்த கதரின், செவ்விந்திய மக்களுக்கு மறைப்பணியாளரை அனுப்புமாறு வேண்டினார். நீயே ஏன் போகக்கூடாது என்ற பொருளில் பாப்பரசர் திருப்பிக் கேட்டார். அவரிடம் பணம் இருந்தது, கேட்கப்பட்டதோ அவரேதான். 1891 இல் செவ்விந்தியருக்கும் கறுப்பின மக்களுக்கும் பணிபுரியும் துறவற சபையொன்றை அவர் தோற்றுவித்தார். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்த அவர், தமக்குக் கிடைத்த ஏறத்தாழ 2 கோடி டொலரை அம்மக்களின் பாடசாலைகளுக்கும் ஆலயங்களுக்கும் செலவிட்டார். நியூ ஓர்லியன்சில் 1915 இல் அவர் ஆரம்பித்த பாடசாலை, 1925 இல் உயர்கல்வி நிறுவனமாகி, இன்று புனித சவேரியாரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. கறுப்பின மருத்துவர் பலர் அங்கிருந்தே உருவாகின்றனர்.

1955 இல், தமது 96 ஆவது வயதில், கதரின் இறைபதம் அடைந்தார். சகோதரியர் எவருக்கும் பிள்ளைகள் இல்லாததால், உயிலின்படி மூலதனம் தந்தை குறித்த அறநிலையங்களுக்கே சென்றது. அவர் இறந்த பின்னர் தோன்றிய கதரினின் சபைக்கு அதில் பங்கில்லை. குடும்பத்தின் பெயரைத் தாங்கிய வங்கி நிறுவனமும் 1990 இல் வங்குரோத்தடைந்தது. ஆனால் 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 1 ஆம் திகதி, பாப்பரசர் 2 ஆம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்பர்களே, அந்தப் புனிதையை உருவாக்கியது 1 கோடியே 55 இலட்சம் டொலரன்று. ஏழைகளுக்காகத் திறந்திருந்த வீட்டுக் கதவே. கோடிகள் நம்மிடம் இல்லாதிருக்கலாம். கதவு எல்லா வீட்டிலும் உண்டு. இந்த வாரம் யாருக்காக அதனைத் திறப்போம்? நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள்.