கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது அசலா?

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் சேன்ட்-மேர்-எக்லீஸ் என்றொரு சிற்றூர். அதன் தேவாலயக் கோபுரத்தில் ஒரு பாராசூட் சிக்கியிருக்கிறது. அதில் அமெரிக்க வீரர் ஒருவரின் உருவம் தொங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய 1944 ஜூன் 6 அதிகாலையில், அமெரிக்காவின் 82ஆவது வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த ஜான் ஸ்டீல் இப்படித்தான் கோபுரத்தில் மாட்டிக்கொண்டார். கீழே சண்டை நடக்க, சுமார் இரண்டு மணி நேரம் செத்தவர்போலத் தொங்கினார். ஜெர்மானியரிடம் பிடிபட்டார், பிறகு தப்பியும் வந்தார். இன்று அங்கே தொங்குவது பொம்மை என்பது அண்ணாந்து பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். இடம் உண்மை, நிகழ்ச்சி உண்மை, உருவம் மட்டும் நகல். அதனால் யாரும் ஏமாறுவதில்லை.

அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டி முன் நிற்கும்போது இந்தத் தெளிவு எப்போதும் கிடைப்பதில்லை. கிழிந்த சீருடை, துருவேறிய தலைக்கவசம், மங்கிய பாராசூட் துணி. பக்கத்தில் ஒரு சீட்டு: ‘நார்மண்டி, ஜூன் 1944’. அந்தச் சீட்டை எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது? இப்படிக் கேட்பது உயிர்விட்டவர்களை அவமதிப்பதாகும் என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை. ஒருவர் அணியாத சட்டையை அவருடையது என்று காட்டுவதுதான் அவருக்குச் செய்யும் அநீதி.

அன்றிரவு நார்மண்டியில் குதித்த அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் மட்டும் 13,000 பேருக்கு மேல். அவர்களுடைய உடைமைகளில் பெரும்பகுதி போரிலேயே அழிந்தது; எஞ்சியவற்றில் பல பழைய துணியாகக் கழிக்கப்பட்டன. 1998இல் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ திரைப்படமும், 2001இல் ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரும் வந்தபின் இந்தப் பொருள்களைத் தேடுவோர் பெருகினர். படப்பிடிப்புக்காகவும், போர்க்காலச் சீருடை அணிந்து அந்நாளை நடித்துக் காட்டும் ஆர்வலர்களுக்காகவும் நகல்கள் தைக்கப்படுகின்றன. அவற்றைத் தைப்பவர்கள் நகல் என்று சொல்லியே விற்கிறார்கள். நாலு கை மாறி, வெயிலில் வெளிறி, மண் படிந்து, ‘தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்தது’ என்ற கதையோடு அவை சந்தைக்குத் திரும்பும்போதுதான் மோசடி பிறக்கிறது.

பொருளே தரும் சாட்சி

பொய்யைப் பல நேரம் பொருளே காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்கத் தலைக்கவசத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகப் பட்டை ஓடும். அதன் இரு முனைகளும் சேரும் இடம் 1944இன் பிற்பகுதி வரை முன்பக்கம், நெற்றிக்கு மேலே இருந்தது. அதன்பின் பின்பக்கத்துக்கு மாறியது. பின்பக்க இணைப்புள்ள தலைக்கவசத்தின் அருகே ‘ஜூன் 6’ என்று எழுதியிருந்தால் அந்தச் சீட்டு தவறு. முன்பக்க இணைப்பு இருந்தால் மட்டும் அது நார்மண்டிக்குப் போனது என்று ஆகிவிடாது. பாராசூட் வீரர்களின் தலைக்கவசத்தில் தாடைவாரை மாட்டுவதற்கு ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் அசையாத வளையங்கள் இருந்தன. சாதாரணக் காலாட்படைத் தலைக்கவசத்தில் அப்படி இரண்டு வளையங்களைப் பற்றவைத்துவிட்டால் விலை பல மடங்கு ஏறும். எனவே நிபுணர்கள் முதலில் பார்ப்பது பற்றவைத்த இடத்தைத்தான்.

துணிக்கும் சோதனை உண்டு. வெண்மையைக் கூட்டுவதற்காகப் பிற்காலத் துணிகளிலும் நூல்களிலும் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்கள் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். ஆனால் அசல் சட்டையை இன்றைய சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும். பாலியெஸ்டர் நூல் இன்னும் உறுதியான தடயம். போர்க்காலச் சீருடையின் தையலில் அதற்கு இடமே இல்லை.

கைவேலையை எடைபோடுவது கடினம். 1942 மாதிரிக் குதிப்புச் சீருடை முழங்காலிலும் முழங்கையிலும் எளிதாகக் கிழிந்தது. நார்மண்டிக்குப் புறப்படும் முன் பாராசூட் மடிக்கும் பிரிவினர் அந்த இடங்களில் கித்தான் துணியை வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். அவரவர் கைப்படத் தைத்ததால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. போலி செய்பவருக்கு இது வசதி, சோதிப்பவருக்குச் சிரமம்.

கையடக்கமான பொருள்களில் நிலைமை இன்னும் மோசம். இருட்டில் நண்பனையும் எதிரியையும் பிரித்தறிய அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவினருக்கு ‘கிரிக்கெட்’ எனப்பட்ட சின்னஞ்சிறு உலோகக் கிளிக்கர் தரப்பட்டது. ஒருவர் ஒருமுறை அழுத்தினால் மற்றவர் இருமுறை அழுத்திப் பதில் சொல்லவேண்டும். பர்மிங்காமின் ஆக்மி விசில் நிறுவனம் இவற்றில் சுமார் 7,000ஐத் தயாரித்தது. போருக்குப் பின் இதே வடிவில் நினைவுப் பொருள்கள் பெருகின. அசல்களைத் தேடி 2019இல் அந்த நிறுவனமே பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தது.

தவறான பொருள் மறைப்பது

‘ஏதோ ஒரு பாராசூட், ஏதோ ஒரு சீருடை, பார்க்க நன்றாக இருந்தால் போதாதா?’ என்ற கேள்விக்கு நார்மண்டியின் வெள்ளக்காடே பதில். மெர்டெரே, டூவ் ஆறுகளின் ஓரத்துத் தாழ்நிலங்களை ஜெர்மானியர் நீரில் மூழ்கடித்து வைத்திருந்தார்கள். அங்கே இறங்கிய அமெரிக்கர்கள் பெரும்பாலும் டி-5 வகைப் பாராசூட் அணிந்திருந்தனர். பிரிட்டிஷ் வீரர்களின் பாராசூட்டில் ஒரே அழுத்தில் வார்கள் அனைத்தையும் விடுவிக்கும் பூட்டு இருந்தது. டி-5இல் அது கிடையாது. கனத்த சுமையோடு, கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற முடியாமல் பலர் மூழ்கி இறந்தார்கள். பிற்காலத்துப் பூட்டு வைத்த வார்களை ஒரு பொம்மைக்கு அணிவித்து ‘ஜூன் 6 வீரர்’ என்று நிறுத்தினால், அவர்கள் ஏன் இறந்தார்கள் என்ற விவரமே அழிந்துபோகும்.

‘ரூபர்ட்’ எனப்படும் போலிப் பாராசூட் பொம்மைகளின் கதையும் இதையே சொல்கிறது. எதிரியைத் திசைதிருப்ப, ‘ஆபரேஷன் டைட்டானிக்’ என்ற திட்டத்தின்படி அன்றிரவு நூற்றுக்கணக்கான பொம்மைகள் வானிலிருந்து போடப்பட்டன. 1962இல் வந்த ‘தி லாங்கஸ்ட் டே’ திரைப்படத்தில் அவை முகமும் சீருடையும் கொண்ட ரப்பர் உருவங்கள். உண்மையில் போடப்பட்டவை கோணித்துணியால் தைத்து அடைத்த முரட்டு உருவங்கள். இருட்டும் துப்பாக்கிச் சத்தத்தைப் பாவனை செய்த வெடிகளும் சேர்ந்ததால் அவ்வளவே போதுமாக இருந்தது. படத்தில் கண்டதை மனத்தில் வைத்து வருபவர் கோணிப் பொம்மையைப் பார்த்தால், இதுதான் போலி என்று நினைக்கக்கூடும்.

கைமாறிய வரலாறு

ஒரு பொருளுக்குத் தன் வயதைச் சொல்லத் தெரியும். யாருடையது, எங்கே இருந்தது என்பதைக் காகிதங்கள்தான் சொல்லவேண்டும். அமெரிக்க வீரர்கள் தம் உடைகளில் குடும்பப்பெயரின் முதல் எழுத்தையும் படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் குறித்தார்கள். அதைப் படைப் பட்டியலோடு ஒப்பிட்டால் உடையவரை நெருங்கலாம். அந்த வழியிலும் பெரிய இடைவெளி உண்டு. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீ, 1912க்கும் 1960க்கும் இடையில் பணி முடித்த தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காட்டை அழித்தது. அன்று வான்வழிப் படைப்பிரிவுகளும் தரைப்படையின் அங்கமே.

காகிதம் தப்பினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ‘தட்ஸ் ஆல், பிரதர்’ விமானம் எடுத்துக்காட்டு. ஜூன் 6 அன்று பாராசூட் வீரர்களை ஏற்றிச்சென்ற 800க்கும் மேற்பட்ட சி-47 விமானங்களின் முதன்மை அணிக்கு முன்னால் பறந்தது இதுதான். போருக்குப் பின் விற்கப்பட்டு, பல உரிமையாளர்களிடம் மாறி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் புது எஞ்சின் பொருத்தி உருமாற்றப்படக் காத்திருந்தது. விமானப்படை வரலாற்றாளர் மேட் ஸ்கேல்ஸ் தொடர் எண்ணை வைத்து அதை அடையாளம் கண்டார். 2015இல் நிதி திரட்டி மீட்கப்பட்டு, 2019இல் நார்மண்டிக்கே மீண்டும் பறந்தது. இன்று அதில் தெரியும் வர்ணம் புதிது. விமானம் அதே விமானம்.

பழையது எது, புதியது எது என்று பிரித்துச் சொல்வதில் ரான்வில் ஊரின் பெகாசஸ் அருங்காட்சியகத்தைக் குறிப்பிடலாம். ஜூன் 6 அன்று பிரிட்டிஷ் மேஜர் ஜான் ஹோவர்டின் படை கிளைடரில் இறங்கிக் கைப்பற்றிய பெனூவில் பாலம், 1994இல் புதுப்பாலம் வந்தபின் இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. அது அசல். அதே வளாகத்தில் நிற்கும் முழு அளவு ஹோர்சா கிளைடர் நகல். முழு ஹோர்சா ஒன்றுகூட எஞ்சாததால் புதிதாகச் செய்தார்கள். இரண்டையும் பார்ப்பவர் இரண்டிடமும் கற்றுக்கொள்கிறார்.

நார்மண்டிக்கு வெளியேயும் எடுத்துக்காட்டு உண்டு. நெதர்லாந்தின் ஊஸ்டர்பெக்கில், 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் தலைமையிடமாக இருந்த ஹார்ட்டன்ஸ்டைன் மாளிகை இன்று அருங்காட்சியகம். அங்கே ஒரு வீட்டுச் சுவரிலிருந்து எடுத்த சுவர்த்தாள் துண்டு இருக்கிறது. அந்த வீட்டைக் காத்து நின்ற வீரர்கள் வீழ்த்திய எதிரிகளின் கணக்கை அதில் கோடுகளாகக் கிறுக்கியிருக்கிறார்கள். எந்த ஊர், எந்த வீடு, எந்தச் சண்டை என்பது தெரிவதால்தான் அந்தக் கிறுக்கலுக்கு இவ்வளவு கனம்.

‘இது என்னுடையது’ என்று சொல்லக்கூடிய வீரர்கள் இன்று மிகச் சிலரே. அவர்களும் குடும்பத்தாரும் நன்கொடை தரும்போது எழுதிய கடிதங்களும் எடுத்த படங்களும் இனிப் பொருளுக்குச் சமமான முக்கியத்துவம் பெறவேண்டும். அவற்றைக் கிடங்கில் பூட்டாமல் சட்டைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ஒவ்வொரு சீட்டிலும் அசல், நகல், உறுதியாகவில்லை என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கலாம். யார் கொடுத்தது, எப்போது வந்தது, எந்தப் பகுதி பின்னர் மாற்றப்பட்டது என்று பார்வையாளர்களும் தயங்காமல் கேட்கலாம்.