கொட்டாரத்தில் இல்லாத பேய்

மட்டக்களப்பில் பாய் விரித்துக் கொடுத்தால் உட்காராதே, பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்படும் எச்சரிக்கை இது. சித்தாண்டியில் பிறந்த எங்களுக்கு அதைக் கேட்டுச் சிரித்துப் பழக்கம். வேலைக்கு என்று வந்தவர் இங்கே கலியாணம் முடித்தார், மனைவிக்குச் சீதனமாக வந்த வளவில் குடியேறினார், ஊர் திரும்பவில்லை. மந்திரம் அவ்வளவுதான். எங்கள் பக்கம் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். திரும்பி வராத மகனுக்காக அங்கே அழுதவர்கள் வேறு என்ன சொல்லுவார்கள்?

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் பழைய வீடுகளைக் கிண்டிப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் ஒரு சொத்துத் தகராறு கிடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை இதற்கு நல்ல சாட்சி.

திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய கொட்டாரம் அது. 1601 அளவில் கட்டத் தொடங்கியது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு வெறுமையானது, இன்று அருங்காட்சியகம். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே தங்கிவிட்டது. நிலம் ஒருவருக்கு, வீடு இன்னொருவருக்கு! செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கவேண்டும். தரை கறுப்புக் கண்ணாடிபோல் மின்னும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று பலதையும் சேர்த்து மெழுகியதாகச் சொல்கிறார்கள். மந்திரசாலையின் அபிரகச் சாளரங்கள் வழியே விழும் வெளிச்சத்தில் நண்பகலும் மாலைபோல் இருக்கும். உள்ளே போகப் போகத் தாழ்வாரமும் சிறு கதவுகளும் குறுகிய மரப்படிகளும்தான். ஒரு பேய்ப் படத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

படமும் வந்தது. 1993இல் பாசில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழ்'. பெரும்பகுதியைத் திருப்பூணித்துறையின் ஹில் பேலஸிலும் சில காட்சிகளைப் பத்மநாபபுரத்திலும் எடுத்தார்கள். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்ற தமிழ் நடனக்காரியை, சங்கரன் தம்பி என்ற குடும்பத் தலைவர் கொன்றுவிடுகிறார். அவள் ஆவி பூட்டிய அறைக்குள் காத்திருக்கிறது. நாயகியாக நடித்த சோபனாவுக்கு அந்தப் படம் தேசிய விருது வாங்கித் தந்தது. தமிழில் அதுவே 2005இல் 'சந்திரமுகி'யாக வந்தது. அன்றிலிருந்து கொட்டாரத்துக்கு வருபவர்களில் பலருக்குத் தாய்க் கொட்டாரத்தின் பலாமரத் தூணும் கண்ணில் படுவதில்லை, உப்பிரிகை மாளிகையின் சுவரோவியமும் படுவதில்லை. நாகவல்லியின் அறை எது என்பதுதான் கேள்வி. அப்படி ஓர் அறை அங்கே இல்லை. நாகவல்லி என்று ஒருத்தி அந்த வீட்டில் வாழவும் இல்லை.

கதையின் வேர் வேறு ஊரில் இருக்கிறது. ஆலப்புழை மாவட்டத்து முட்டத்தில் ஆலும்மூட்டில் என்ற ஈழவப் பெருங்குடும்பம். 1921இல் அதன் தலைவரும் வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியும் கொலையுண்டார்கள், கொன்றவர் மருமகன். மருமக்கத்தாய முறையில் சொத்து தலைவரின் சொந்தப் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அது கைமாறிவிடுமோ என்ற அச்சமே கொலைக்குக் காரணம் என்பார்கள். நான்கே வருடத்தில், 1925இல், ஈழவர்களின் வாரிசுரிமையைத் திருத்தித் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவந்தது. திரைக்கதை எழுதிய மது முட்டம் அந்த ஊர்க்காரர்.

மட்டக்களப்பு வாசகருக்கு மருமக்கள் தாயத்தை விளக்கத் தேவையில்லை. எங்கள் முக்குவச் சட்டமும் அதற்கு உறவுதான். பிரிட்டோ என்பவர் அதை 1876இலேயே நூலாக எழுதிவைத்தார். சட்டமாக அது வழக்கொழிந்துவிட்டது. ஆனால் குடி இன்றும் தாய்வழிதான், கோயில் திருவிழா உரிமையும் குடிவழிதான். யாருக்கு எந்த வளவு என்ற பேச்சில் முகம் முறித்துக்கொண்ட அண்ணன் தங்கை இல்லாத ஊரை இந்த வாவிக்கரையில் காட்டுங்கள் பார்ப்போம்.

பத்மநாபபுரத்துக்கும் சொந்தமாக இறந்தவர்கள் உண்டு. அவர்களைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. 1729இல் மன்னர் ராம வர்மா இறந்ததும், தாய்வழிப்படி முடி மருமகன் மார்த்தாண்ட வர்மாவுக்குப் போனது. தம்பி என்று அழைக்கப்பட்ட மன்னரின் சொந்த மகன்மார் இருவரும் உரிமை கேட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அவர்கள் பக்கம் நின்ற எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களும் ஒழிக்கப்பட்டார்கள். வரலாறு இதை ஒரு வலுவான அரசின் தொடக்கம் என்று எழுதும். குமரி நாட்டு வில்லுப்பாட்டோ வலிய தம்பி, குஞ்சுத் தம்பி கதையைத் தோற்றவர்கள் பக்கம் நின்று பாடுகிறது. அவர்கள் தங்கை உயிரை மாய்த்துக்கொண்டதையும் சொல்லி அழுகிறது. அந்த நாட்டில் அநியாயமாகச் செத்தவரைப் பேயென்று விரட்டுவதில்லை. பீடம் போட்டுக் கொடை கொடுத்துத் தெய்வமாக்கிவிடுவார்கள். படத்தில் வரும் கொடிய தலைவருக்கும் தம்பி என்றே பெயர் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

அச்சம் தேடிப் போகிறவருக்கு அருங்காட்சியகப் பகுதியில் ஓர் இரும்புக் கூண்டு இருக்கிறது. மனித உடம்பின் அளவுக்கு வளைத்தது. தண்டனை பெற்றவரை உயிரோடு அதற்குள் பூட்டி வெளியில் தொங்கவிடுவார்கள். மிச்சத்தைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும். அதன் முன் நின்ற பிறகு சந்திரமுகி ஞாபகம் எனக்கு வரவில்லை.

பேய்வீடு என்று பெயரெடுத்த அருங்காட்சியகம் அமெரிக்காவின் சான் டியாகோவிலும் உண்டு, வேலி ஹவுஸ் என்று பெயர். 1852இல் படகு திருடியதற்காக ஒருவனைத் தூக்கிலிட்ட இடத்தில் 1857இல் எழுந்த வீடு. அவன் காலடியோசை கேட்கிறது என்று சொல்லியே அங்கே இரவுச் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கிறார்கள். வியாபாரம்தான். ஆனாலும் ஒரு படகுக்காக உயிர்போன மனிதனின் பெயர் அதனால் நிலைத்திருக்கிறது. பத்மநாபபுரத்தில் கற்பனைப் பெண்ணின் பெயர் நிலைத்து, கொலையுண்டவர்களின் பெயர் மறைந்துவிட்டது. சான் டியாகோக்காரர் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிட நேர்மையானவர்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற ஒல்லாந்தர், இலங்கையின் கரையோரத்தைக் கையில் வைத்திருந்த அதே கும்பனிக்காரர். மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்களும் அவர்களே. பிடிபட்ட தளபதி டி லனோய் பிறகு அந்த மன்னனுக்கே படை பழக்கினார். அவர் கல்லறை அருகிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. தமிழிலும் லத்தீனிலும் எழுதிய கல். அரண்மனையையும் கோட்டையையும் பார்க்க ஒரு பகல் போதும். அரண்மனைக்குள் இருக்கும் வழிகாட்டிகள் தமிழ் பேசுவார்கள். தம்பிமார் கதையைக் கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை மட்டும் போகவேண்டாம், அரண்மனைக்கு அன்று விடுமுறை.