கௌபிக்கு ஒரு மறுவாழ்வு

1990ஆம் ஆண்டு வடபகுதிமீது பொருளாதாரத் தடை விழுந்தபின், மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் மக்கள் அலைந்த காலத்தில், எம்மவர் பலரின் வயிற்றைக் காத்தவற்றுள் கௌபியும் ஒன்று. காத்ததனாலேயே அது வெறுப்புக்கும் உரியதாயிற்று. ஹவுன்ஸ்லோவில் இன்றும் அதனைக் கண்டதும் முகஞ்சுளிக்கும் மூத்தோர் உளர். பிள்ளைகளோ தொடவே மறுக்கின்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. அவித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ப்போம். அன்றேல் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டுவோம். அதற்கப்பால் நாம் சென்றதில்லை.

இங்குள்ள கடைகளில் அது 'பிளாக் ஐ பீன்ஸ்'. வட இந்தியருக்கு லோபியா. தமிழகத்தாருக்குத் தட்டைப்பயறு, காராமணி. நாம் பந்தலிட்டு வளர்த்த பயற்றங்காயும் இதே தாவர இனத்தின் நீண்ட காய் வகையே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இதன் தாயகம் ஆபிரிக்கா. இன்றும் உலகில் மிகுதியாக விளைவிக்கும் நாடு நைஜீரியா. ஆகவே சமையலையும் அவர்களிடமே கேட்பது முறை.

'அக்கரா' என்பது அவர்களது கௌபி வடை. பயற்றைச் சிறிது நேரம் ஊறவைத்து, உள்ளங்கைகளாற் கசக்கினால் தோல் கழன்று மிதக்கும், நீரோடு வடித்துவிடலாம். பொறுமை வேண்டிய வேலை, பிள்ளைகளை அமர்த்திக்கொள்ளுங்கள். தோல் நீங்கிய பருப்பை மேலும் இரண்டு மணிநேரம் ஊறவிட்டு, மிகக் குறைந்த நீரில், பச்சைமிளகாயுடன் அரைக்க வேண்டும். பின்னர் மா வெளுத்துப் பொங்கும்வரை கரண்டியால் அடிக்க வேண்டும். உள்ளே புகும் காற்றே வடையை மென்மையாக்குகிறது. வெங்காயத்தையும் உப்பையும் பொரிக்கும் வேளையிலேயே சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் மா இளகிவிடும். நான் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்தேன். நைஜீரியர் மன்னிப்பாராக.

அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கரோடு இவ்வடை பிரேசிலுக்கும் சென்றது. அங்கே பாஹியா மாநிலத் தெருக்களில் 'அக்கராஜே' என்ற பெயரில், செம்பனை எண்ணெயிற் பொரித்து, பெண்கள் விற்கின்றனர்.

எண்ணெய் ஆகாதோருக்கு 'மொயின் மொயின்' உண்டு. அதே மாவில் அரைத்த சிவப்புக் குடைமிளகாயும் சிறிது எண்ணெயும் கலந்து ஆவியில் அவிப்பர். நடுவே அவித்த முட்டையோ மீனோ வைப்பதுமுண்டு. அவர்கள் இலையிற் பொதிவர். நமக்கு இட்டலித் தட்டு போதும்.

முதல்முறை எனக்குத் தண்ணீர் கூடிவிட்டது. மா எண்ணெயிற் சிதறிப் போயிற்று. இரண்டாம்முறை, கௌபி என்றாலே எழுந்து போய்விடும் என் மாமியார் முன் பெயர் சொல்லாமல் தட்டை வைத்தேன். மூன்றாவது வடையை எடுத்தபோது, "எந்தக் கடை உழுந்து பிள்ளை?" என்று கேட்டார்.