கர்ப்ப காலத்தில் நெஞ்செரிச்சல்: எது சாதாரணம்? எது ஆபத்து?

கர்ப்பிணிப் பெண்கள் மருத்துவரிடம் அடிக்கடி சொல்லும் குறைகளுள் ஒன்று நெஞ்செரிச்சல். பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு இது ஏதாவது ஒரு மாதத்தில் வந்துபோகிறது. பெயரில்தான் நெஞ்சு இருக்கிறதே தவிர, இதற்கும் இருதயத்திற்கும் தொடர்பில்லை.

ஏன் வருகிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை உண்டு. உணவு உள்ளே போனதும் அது மூடிக்கொள்ளும். கர்ப்ப காலத்தில் அதிகம் சுரக்கும் புரோஜெஸ்டெரோன் என்ற ஹார்மோன் கருப்பையைத் தளர்வாக வைத்துக் குழந்தையைக் காக்கிறது. அதே ஹார்மோன் இந்தத் தசையையும் தளர்த்திவிடுகிறது. இரைப்பையில் உள்ள அமிலம் மேலே ஏறுகிறது. ஏழாம் மாதத்திற்குப் பிறகு, வளர்ந்த கருப்பையும் இரைப்பையை மேல்நோக்கித் தள்ளுவதால் எரிச்சல் கூடுகிறது. பிரசவத்திற்குப் பின் பெரும்பாலோருக்கு இது தானாகவே நின்றுவிடும்.

என்ன செய்யலாம்?

“இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு” என்று பெரியவர்கள் அன்பாகச் சொல்வார்கள். ஆனால் ஒரே வேளையில் வயிறு நிரம்பச் சாப்பிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை உண்ணுங்கள். சம்பல் மிகுந்த நாசி லெமாக், எண்ணெய்ப் பலகாரம், தே தாரிக், காப்பி ஆகியவற்றில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்று கவனித்துக் குறையுங்கள்.

சாப்பிட்டு மூன்று மணி நேரத்திற்குள் படுக்க வேண்டாம். கட்டிலின் தலைப்பக்கத்தை 10 முதல் 15 சென்டிமீட்டர் உயர்த்தி, இடப்பக்கமாகப் படுப்பது நல்லது.

இவற்றால் அடங்காவிட்டால் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கர்ப்பிணி என்று சொல்லியே மருந்து கேளுங்கள். சோடா உப்புக் கலந்த தூளைக் கரைத்துக் குடிக்காதீர்கள். அதில் சோடியம் அதிகம். அமில முறிவு மருந்தையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு சரியாக உடலில் சேராது. இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

‘கேஸ்ட்ரிக்’ என்று விட்டுவிடாதீர்கள்!

20 வாரங்களுக்குப் பிறகு மேல் வயிற்றிலோ வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழோ கடும் வலி வந்தால் எச்சரிக்கை தேவை. அதோடு விடாத தலைவலி, கண் மங்கல், முகம் அல்லது கைகளில் திடீர் வீக்கம் இருந்தால் அது பிரிஎக்லாம்ப்சியா என்ற இரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். இந்த எல்லா அறிகுறிகளும் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. கேஸ்ட்ரிக் என நினைத்து மருந்து குடித்துவிட்டுக் காலை வரை காத்திருந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. பிரசவமான சில வாரங்கள் வரைகூட இது வரக்கூடும். நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், இரத்த வாந்தி ஆகியவையும் அவசர அறிகுறிகளே.

அப்படிப்பட்ட இரவில் உங்கள் கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். வெறும் நெஞ்செரிச்சல்தான் என்று தெரிந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம். இதை வீட்டில் உள்ள கணவரும் மாமியாரும் தெரிந்து வைத்திருப்பது மிக அவசியம்.