தடுப்பூசிச் சோதனையும் நம்பிக்கைக் கடனும்

நோய் தடுக்கும் புதிய ஊசிமருந்து எதுவாயினும், அஃது ஆய்வுக்கூடத்தினின்று நேரே மக்களிடம் வந்துவிடுவதன்று. இசைந்து முன்வருவோர் பல்லாயிரவரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு மருந்தும் மற்றைக் கூற்றார்க்கு மருந்தில்லா வெற்றூசியும் இடுவர். எவர்க்கு எது இடப்பட்டதென்பதை அவரும் அறியார். இட்ட மருத்துவரும் அறியார். பின்னரே பயன் அளவிடப்படும். ஆதலின், ஒரு நோயால் மிகுதியும் வருந்துவோர் சோதனையிற் சேராராயின், மருந்து அவர்க்கு உதவுமா என்பதைத் துணிந்து கூற வழியில்லை.

எச்.ஐ.வி. நோயை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலத்தீன் அமெரிக்க வழியினர் மக்கட்டொகையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர். ஆயினும், 2022ஆம் ஆண்டில் அந்நோய் புதிதாகக் கண்டறியப்பெற்றோருள் அவர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராயினர். அவருள்ளும் தன்பாலீர்ப்புடைய ஆடவரும் திருநங்கையருமே மிகுதியும் தாக்குண்பவர்.

1998இல் தொடங்கிய எய்ட்சுவாக்ஸ் என்னும் தடுப்பூசிச் சோதனையில் ஏறத்தாழ 5,400 பேர் பங்குபற்றினர். அவருட் பெரும்பாலார் வெள்ளையர். 2003இல் முடிவு வெளிவந்தபொழுது, மொத்தத்திற் பயனில்லை யெனத் தெரிந்தது. கறுப்பர், ஆசியர் முதலியோரிடத்துச் சிறிது பயன் தோன்றியது. ஆயினும், அவர் தொகை மிகச் சிறிதாகலின், அது மெய்யோ தற்செயலோ எனத் தெளிதல் இயலாதாயிற்று. எண்ணிக்கைக் குறைவு அறிவின் குறைவாயிற்று.

இனி, இம்மக்கள் தயங்குவது ஏன்? அறியாமை யென்று எளிதிற் கூறிவிடலாகாது. 1946 முதல் 1948 வரை குவாத்தமாலா நாட்டிற் சிறையாளர், போர்வீரர், மனநோயாளர் ஆகியோர்க்கு, அவர்தம் இசைவின்றி, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் மேகநோயை வேண்டுமென்றே ஊட்டினர். இக்கொடுமை 2010இல் வெளிப்பட, அமெரிக்க அரசு மன்னிப்பு வேண்டியது. 1956இற் புவேர்ட்டோ ரிக்கோவிற் கருத்தடை மாத்திரையைச் சோதித்தபொழுதும், தாம் சோதனைக்குட்பட்டோம் என்பதை உண்ட பெண்டிர்க்கு விளங்க உரைத்தாரிலர்.

இவ்வரலாற்றோடு இன்றைய அச்சங்களும் கூடுகின்றன. குடியேற்ற ஆவணம் இல்லாதார் பெயர் பதியவே அஞ்சுவர். தம் பாலியல்பை இல்லத்தார்க்கு மறைத்து வாழ்வோர் மருத்துவ நிலையத்துட் புகவும் கூசுவர். மேலும், தடுப்பூசி உடலில் எதிர்ப்பொருளைத் தோற்றுவிக்குமாதலின், நோயில்லாதாரையும் நோயுற்றாரெனப் பொதுச் சோதனை காட்டக்கூடும். கிருமியையே தேடும் வேறு சோதனையால் உண்மை தெளியும். இதனை முன்னரே எடுத்துரைத்தல் ஆய்வாளர் கடன்.

இத்தனை தடைகளையும் கடந்து பலர் முன்வந்தனர். 2007இல் தொடங்கி 2010இல் முடிவு வெளியிட்ட ஐப்ரெக்ஸ் ஆய்வு ஊசியைப் பற்றியதன்று. நாடோறும் உண்ணும் மாத்திரையைப் பற்றியது. அதிற் சேர்ந்த 2,499 பேருட் பெரும்பாலார் பெரு, ஈக்குவடார், பிரேசில் நாட்டினர். அம்மாத்திரை நோய்த்தொற்றை 44 விழுக்காடு குறைத்தது; 2012இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் பெற்றது. பின்னர், 2019இல் தொடங்கிய மொசைக்கோ தடுப்பூசிச் சோதனையில் மெக்சிகோ, பெரு, அர்ச்சென்டினா, பிரேசில், புவேர்ட்டோ ரிக்கோ முதலிய இடங்களில் ஏறத்தாழ 3,900 பேர் சேர்ந்தனர். ஊசியால் தீங்கில்லை, ஆனால் காப்பும் இல்லை. ஆதலின் 2023 சனவரியில் அது நிறுத்தப்பட்டது. எனினும், அதிற் சேர்ந்தோர் விரும்பின், முன்னவர் முயற்சியால் தேறிய அம்மாத்திரை அவர்க்கு அளிக்கப்பட்டது. ஒருவர் ஈந்தது மற்றொருவர்க்குக் காவலாயிற்று.

ஆகவே, பங்குபற்றுமாறு பிறரை வேண்டுவோர் முதலிற் செய்யத்தக்கன சில உள. இசுப்பானிய மொழியில் இன்னல்களை மறையாது விளக்குக. இடையில் விலகும் உரிமையைக் காக்க. பெயரையும் மறைச்செய்தியையும் பேணுக. திட்டமிடும் அவையிலேயே அம்மக்களுக்கு இடந்தருக. முடிவு எதுவாயினும் அவரிடமே முன்னர் உரைக்க. நம்பிக்கையை நல்குமாறு அம்மக்களைக் கேட்டல் எளிது. அதற்குரிய தகுதியைத் தாம் ஈட்டிக்கொள்ளுதலே ஆய்வாளர்க்கு முதற் கடனாகும் என்பது நம் துணிபு.