ஒரு நாள் மலையேற்றம்: பையில் விளக்கு இருக்கிறதா?

உலு லங்காட்டிலுள்ள நுவாங் மலையின் உயரம் 1,493 மீட்டர். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம் என்று தண்ணீரும் ரொட்டியும் மட்டும் கொண்டு கிளம்புவோர் உண்டு.

பிற்பகல் மழையில் பாதை வழுக்கினால் இறங்க வெகுநேரம் பிடிக்கும். மரங்களுக்கு அடியில் 7 மணிக்கு முன்பே இருட்டிவிடும். வெளிச்சத்துக்குக் கைப்பேசியை நம்பினால், உதவிக்கு அழைக்க அதில் பேட்டரி மிஞ்சாது.

எனவே பையில் முதலில் வைக்க வேண்டியவை: தலையில் மாட்டும் விளக்கு, மாற்று பேட்டரி, மழைக்கோட்டு, விசில். கத்தினால் தொண்டை கட்டும், விசில் ஓயாது. அடுத்து தண்ணீர், உணவு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய மாற்றுச் சட்டை.

எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டில் சொல்லிச் செல்வது அவசியம். வழி தவறினால் அலையாமல் அங்கேயே நின்று 999 எண்ணை அழைக்க வேண்டும்.