மண்ணும் உலோகமும் – 9: கம்பிக்குள் நகரும் அணுக்கள்

சென்ற வாரம் சுங்கை பத்துவின் பழைய இரும்பு உலைகளைப் பார்த்தோம். அங்கிருந்து தெற்கே கூலிமுக்கு வந்தால், கெடாவில் உலோக வேலை இன்றும் நடப்பது தெரியும். ஆனால் அது வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அவர்கள் கையில் எடுக்கும் சில்லுக்குள் நடப்பதைத் தமிழில் சொல்லும் எழுத்து மிகக் குறைவு. அந்தக் குறை என்னை உறுத்துகிறது.

வீட்டுச் சுவருக்குள் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 20 ஆம்பியர் போனால், சதுர சென்டிமீட்டருக்கு 800 ஆம்பியர் என்று கணக்கு. சில்லுக்குள் உள்ள மெல்லிய உலோகக் கோடுகளில் இது பல லட்சத்தைத் தொடும். அடியில் இருக்கும் சிலிக்கான் சூட்டை உடனுக்குடன் இழுத்துக்கொள்வதால்தான் அவை உருகாமல் தாங்குகின்றன.

உருகாவிட்டாலும் உருக்குலைகின்றன. மூடா ஆற்று வெள்ளம் மணலை அடித்துப் போவது போல, பாய்கிற எலெக்ட்ரான்கள் உலோக அணுக்களைத் தம் திசையிலேயே தள்ளிக்கொண்டு போகின்றன. குளிர்ந்த உலோகத்தில் அணுக்கள் எளிதில் இடம்விட்டு நகராது. 100 டிகிரியைத் தாண்டினால், படிகத் துணுக்குகள் ஒட்டியிருக்கும் விளிம்புகள் வழியே அலுமினிய அணுக்கள் வேகமாகத் தாவும். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும்; இந்தச் சேதத்துக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. எலெக்ட்ரான் நுழையும் முனையில் பள்ளம் விழும், மறுமுனையில் மேடு எழும். பள்ளம் விழுந்த இடத்தில் கோடு மெலியும். மெலிந்த இடம் மேலும் சூடாகும், சூடு மேலும் அணுக்களைக் கிளப்பும். கடைசியில் கோடு அறும். அல்லது எழுந்த மேடு பக்கத்துக் கோட்டைத் தொட்டுவிடும்.

மோட்டோரோலாவில் வேலை செய்த ஜேம்ஸ் பிளாக் 1960களின் இறுதியில் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். மின்னோட்ட அடர்த்தி இரு மடங்கானால் கோட்டின் ஆயுள் நாலில் ஒன்றாகச் சுருங்கும். சூடு ஏறினால் அதைவிடக் கடுமையாகக் குறையும். இதற்கான மருந்து உலோகக் கலவையில் கிடைத்தது. அலுமினியத்தில் சில சதவீதம் செம்பு சேர்த்தார்கள். செம்பு அணுக்கள் அந்த விளிம்புகளில் போய் உட்கார்ந்து வழியை அடைத்தன. ஆயுள் பல மடங்கு கூடியது. 1976இல் இலான் பிளெக் காட்டியது இன்னும் வியப்பானது. கோடு போதிய அளவு குட்டையாக இருந்தால், முனையில் குவிந்த அணுக்களின் அழுத்தமே திருப்பித் தள்ளி நகர்வை நிறுத்திவிடும்! 1997இல் ஐபிஎம் கோடுகளையே செம்புக்கு மாற்றும் முறையை அறிவித்தது.

கூலிமில் இன்று வளர்வது மின்திறன் சில்லு. இன்ஃபினியான் 2024 ஆகஸ்டில் அங்கே சிலிக்கான் கார்பைடு ஆலையைத் திறந்தது. மின்சாரக் கார் வேகமெடுக்கும்போது இத்தகைய சில்லு சூடாகும், நின்றால் ஆறும். அதில் அலுமினியக் கம்பி பொருத்தப்பட்டிருந்தால், கம்பி சிலிக்கான் கார்பைடைவிட ஐந்தாறு மடங்கு அதிகமாக விரியும். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ஒட்டிய இடத்தில் விரிசல் விடும்.

கூலிமில் வேலை செய்யும் தம்பி தங்கைகளே, பழுதான சில்லை அறுத்துப் பார்த்து காரணம் தேடும் பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள். உலோகத்தைப் படிக்க அதைவிட நல்ல வகுப்பறை கெடாவில் இல்லை.